ஹண்டா அணியின் மஞ்சள் குடம்

சென்ற ஜூலையில் சென்னையில் நடந்த பெண்கள் ரக்பி போட்டிக்கு நான்தான் மைக்கில் வர்ணனை. மும்பையிலிருந்து வந்திருந்த ‘ஹண்டா’ அணியின் சட்டையில் சின்னமாக ஒரு மஞ்சள் குடம் இருந்தது. “தண்ணி பிடிக்க வந்தீங்களா, ஆட வந்தீங்களா?” என்று கேட்டுவிட்டேன். கூட்டம் சிரித்தது. ஆட்டம் முடிந்ததும் அந்த அணியின் கேப்டன் மேரி என்னிடம் வந்தாள். “ஒரு தடவ எங்க ஏரியாவுக்கு வாங்கண்ணே, குடம் ஏன்னு தெரியும்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் உறுத்திக்கொண்டே இருந்தது. பிப்ரவரியில் கிளம்பிவிட்டேன்.

காலை ஆறு மணிக்கு மும்பை தாதர் ஸ்டேஷனில் இறங்கினேன். லோக்கலில் சயன் வரை ஐந்து ரூபாய். அங்கிருந்து மேரியின் ஏரியா, தாராவியின் மாட்டுங்கா லேபர் கேம்ப், பதினைந்து நிமிட நடை. (பெரிய பெட்டி வேண்டாம். சந்துக்குள் திருப்ப முடியாது.)

மேரி ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா. அன்று ஞாயிறு, லீவு. அவர்கள் பயிற்சி செய்யும் மைதானம் செம்பூரில், ஆறு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு நூற்றைந்து ரூபாய் ஆனது. வழியெல்லாம் அவள்தான் பேசினாள்.

ஆரம்பத்தில் அவர்களிடம் பந்து கிடையாது. பக்கத்துச் சந்து ஸ்டெல்லா, விடிகாலையில் தண்ணீர் வரிசையில் நிற்கும்போது காலிக் குடத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவாள். மற்றவர்கள் துரத்திப் பிடுங்க வேண்டும். அதுதான் பயிற்சி. முதல் போட்டியில் எதிரணிக்காரிகள் “ஹண்டா, ஹண்டா” என்று கத்தினார்களாம். மராத்தியில் தண்ணீர்க் குடம்.

“எங்களுக்கு அழுகையா வந்துச்சு. ஸ்டெல்லாதான், ‘ஏட்டீ, நல்ல பேருதானே, நாமளே வச்சுக்கிடுவோம்’னா.”

அடுத்த மழைக்காலத்தில் ஒரு காலை, தண்ணீர் பிடிக்கப் போன ஸ்டெல்லாவுக்குச் சந்தின் தண்ணீர் மோட்டாரில் கரண்ட் அடித்தது. இருபத்திரண்டு வயது. அந்த வாரப் போட்டிக்கு எல்லோரும் கையில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு இறங்கினார்கள். அவள் குடத்தின் மஞ்சளும் அந்தக் கறுப்பும்தான் அணியின் நிறங்கள். சட்டையின் இடது கையில் இன்றும் கறுப்புப் பட்டை இருக்கிறது.

மன்னிப்புக் கேட்டேன். “எங்ககிட்ட வேண்டாம்ணே. ஸ்டெல்லா அம்மாகிட்ட கேளுங்க” என்றாள்.

மாலை நான்கு மணிக்குத் தாராவிக்குத் திரும்பி, ஸ்டெல்லாவின் அம்மா ரோஸம்மா வீட்டுக்குப் போனோம். அவர் ஸ்கூல் பை தைப்பவர். நான் சொல்லி முடித்ததும் மிஷினை நிறுத்தினார்.

“நீங்க சிரிச்சது எனக்குத் தெரியாது தம்பி. இவுங்க ஆடுத எடத்துக்கு நான் ஒரு நாளும் போனதில்ல. அந்தக் குடத்தக் கண்டாலே எனக்கு ஈரக்கொல நடுங்கும். புள்ளைங்க ஆசையாப் போட்டிருக்கு. வேண்டாம்னு எப்படிச் சொல்ல?”

மேரிக்கு அது அதுவரை தெரியாது. அந்தச் சட்டையோடுதான் அவள் இத்தனை வருஷமும் அங்கே வந்துபோயிருக்கிறாள். கறுப்புப் பட்டையைக் கையால் மூடிக்கொண்டு அழுதாள். “குடத்த எடுத்திரட்டுமா பெரியம்மா?”

ரோஸம்மா பட்டை மேலிருந்த அவள் கையை விலக்கிவிட்டார். “வேண்டாம்ட்டீ. எடுத்திட்டா அவளப் பத்தி யாரு கேப்பா?” பிறகு என்னைப் பார்த்தார். “அடுத்த தடவ மைக்குல அவ பேரச் சொல்லுவியளா?”

சொல்வதாகச் சொன்னேன்.

இந்த அணியின் ஆட்டத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஞாயிறு காலை ஏழு முதல் ஒன்பதுக்குள் செம்பூர் போகலாம். தண்ணீர் கொண்டுபோங்கள், மைதானத்தில் கிடைக்காது. அவர்களை ‘ஹண்டா’ என்று தாராளமாகக் கூப்பிடலாம். ரோஸம்மா வீட்டுக்குப் போய் விசாரிக்காதீர்கள்.

போன வாரம் மேரி போனில் பேசினாள். ஆட்டம் முடிந்து ரோஸம்மாவைப் பார்க்கப் போகும்போது, இப்போதெல்லாம் சட்டையை மாற்றிக்கொண்டுதான் போகிறாளாம்.