ஒரு நாளைக்கு இரண்டு கையுறை

குய்ஷியான் வேலை செய்த அறையில் நாள் முழுக்க வெள்ளைப் பொடி பறந்துகொண்டிருக்கும். பார்த்தால் உப்பு, தொட்டால் மாவு. யுன்னான் மலைச்சரிவுகளில் ஆளுயரத்துக்கு மேல் வளரும் ஹெம்ப் செடியின் பூவிலிருந்து எடுத்த பொடி அது. கஞ்சாவுக்குக் கூடப்பிறந்த செடிதான், ஆனால் போதை ஏறாது. பொடிக்குப் பெயர் சிபிடி. தொழிற்சாலையில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. 'சரக்கு' என்பார்கள், அவ்வளவுதான்.

அந்தச் சரக்கு வருகிற வழியை அவளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். காய்ந்த பூவையும் இலையையும் அரைத்து, பனிக்கட்டியைவிடக் குளிர்ந்த சாராயத்தில் ஊறப்போடுவார்கள். குளிர்ச்சி குறைந்தால் இலையின் பச்சையும் மெழுகும் கூடவே இறங்கிவிடும். பிழிந்தெடுத்த சாராயத்தை ஆவியாக்கினால் அடியில் தார் மாதிரி ஒரு கறுப்பு எண்ணெய் நிற்கும். அதைப் பதமாகச் சூடேற்ற வேண்டும், அப்போதுதான் பூவில் இருந்தது சிபிடியாக மாறும். பிறகு மிச்ச மெழுகையும் வடித்து, காற்றை உறிஞ்சிய கலத்தில் காய்ச்சி இறக்கினால் தேன் நிறம் வரும். அதையும் கரைத்துக் குளிரவைத்தால்தான் தட்டுகளில் படிகம் கட்டும். தட்டிலிருந்து சுரண்டிப் பையில் போடுவது குய்ஷியானின் வேலை. ஆறு வருடமாகச் சுரண்டுகிறாள்.

வீட்டில் ஒன்பது வயது மகள் ஷியாவ்மான். மூன்று வயதில் தொடங்கிய வலிப்பு அவளை விடவில்லை. நாளைக்கு ஏழெட்டு முறை விழுவாள். மருந்துகளை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் இரண்டு மருந்தோடு நிறுத்தி வைத்திருந்தார்கள். கணவன் எல்லைக்கு லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் நான்கு நாள் வீட்டில் தங்கினால் அதிகம். குய்ஷியான் வேலைக்குப் போகிற நேரமெல்லாம் பிள்ளை கீழ்வீட்டு நூடுல்ஸ் கடையில், கடைக்காரி மேய் அக்காவின் பார்வையில் கிடந்தது. தலையில் எப்போதும் ஒரு பஞ்சுத் தொப்பி. விழுந்தால் மண்டை உடையாமல் இருக்க அம்மா தைத்துக் கொடுத்தது.

போன வசந்தத்தில், சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் வந்தார். எல்லாரையும் உட்காரவைத்துத் திரையில் ஒரு படம் காட்டினார். ஒரு சின்னப் பெண் நாய்க்குப் பின்னால் ஓடுகிறாள். மொழிபெயர்க்க வந்த பெண் சிரித்த முகமாகச் சொன்னாள்: "இந்தப் பாப்பாவுக்கு ஒரு நாளைக்கு முப்பது தடவை வலிப்பு வருமாம். நீங்க அனுப்புற சரக்குலதான் நின்னுச்சாம்."

எல்லாரும் கைதட்டினார்கள். குய்ஷியானும் தட்டினாள். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அவள் கை மட்டும் தட்டிக்கொண்டிருந்தது, நிறுத்தத் தோன்றவில்லை.

மறுநாள் மேற்பார்வையாளன் தாவைப் பிடித்துக்கொண்டாள்.

"தாவ் அண்ணே, ஒரு ஸ்பூன். ஒரே ஒரு ஸ்பூன் போதும்."

தாவ் முதலில் மேலே கேமராவைப் பார்த்தான். அதன் மறுமுனை காவல் நிலையத்தில் இருந்தது. "உனக்கென்ன பைத்தியமா? இது கப்பலேறப் போற சரக்கு. ஊருக்குள்ள ஒரு சிட்டிகை போனாலும் லைசென்ஸ் போயிரும். கூடவே நானும் போயிருவேன், உள்ள."

"வெள்ளைக்காரப் புள்ளைக்கு மட்டும்தான் வலிப்பு நிக்கணுமா?"

"அவங்க ஊர்ல டாக்டரு எழுதிக் குடுக்குறாரு, இங்க எழுத முடியாது. சட்டத்த நானா போட்டேன்? போம்மா, தட்டு காயுது."

நியாயமாகத்தான் பேசினான். அதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

மேய் அக்கா ஒரு வழி சொன்னாள். "செடி ஒண்ணுதானேடி? வெதைய வறுத்துக் குடு!" அந்த ஊரில் ஹெம்ப் விதை வறுத்துக் கொறிக்காத வாய் கிடையாது. பேருந்துக்குக் காத்திருந்தாலும் கொறிப்பார்கள், சீட்டாடினாலும் கொறிப்பார்கள். குய்ஷியான் நான்கு மாதம் விதையை வறுத்தாள், அரைத்தாள், கஞ்சியில் கலந்தாள். ஒரு வலிப்புகூடக் குறையவில்லை. இதைக் கேள்விப்பட்ட தாவ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஆறு வருஷமா பூவுல எடுத்தத சுரண்டுறவ, வெதையக் கொண்டுபோய்த் திங்கக் குடுத்திருக்கா பாரு! வெதையில வெறும் எண்ணெய்தான்மா. சரக்கெல்லாம் பூவுல." அவளுக்கு அது தெரியாதா என்ன? தெரிந்துகொண்டேதான் வறுத்தாள். கை சும்மா இருந்தால் மூளை கெட்டுவிடும் போலிருந்தது.

அப்புறம்தான் கையுறை.

ரப்பர் கையுறை பட்டால் காய்ந்த பொடி மின்னேறித் துள்ளும். அதனால் சுரண்டுகிற பெண்கள் ரப்பருக்கு மேல் பருத்திக் கையுறை ஒன்றைப் போட்டுக்கொள்வார்கள். நிர்வாகம் சொல்லித்தந்ததல்ல, பெண்கள் தாங்களாகவே கண்டுபிடித்தது. ரப்பரை எண்ணி வாங்கி எரித்துவிடுவார்கள். பருத்தி அவரவர் சொந்தம், வீட்டில் துவைத்துக்கொள்ளலாம். வாசலில் காவலாளி பையைப் பார்ப்பான், ஷூவைக் கழற்றச் சொல்வான். குளிருக்குப் போட்டிருக்கும் கையுறையை யார் பார்க்கப்போகிறார்கள்?

வீட்டுக்கு வந்ததும் இரண்டு கையுறைகளையும் வெதுவெதுப்பான வால்நட் எண்ணெயில் ஊறவைத்து, முறுக்கிப் பிழிந்தாள். பொடி தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். அதுவும் ஆறு வருடப் பாடம். பிழிந்ததை மெல்லிய துணியில் வடித்து, காலையில் பாதி, மாலையில் பாதி என்று பிள்ளைக்குக் கொடுத்தாள்.

"கசக்குதும்மா."

"கசந்தா நல்லதுடி. கண்ண மூடிட்டு முழுங்கு."

ஒரு வாரத்தில் ஏழெட்டு நான்காயிற்று. மூன்றாவது வாரம் ஒன்று. அதற்குப் பிறகு தொடர்ந்து பதினோரு நாள் ஒன்றுமே இல்லை. மேய் அக்கா கடையில் ஷியாவ்மான் பஞ்சுத் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, வருகிறவர்களுக்கு நூடுல்ஸ் சாப்பிடும் குச்சி எடுத்துக் கொடுத்தாள். குய்ஷியானுக்குத் தலைகால் புரியவில்லை. கணவனிடம்கூடக் காரணத்தைச் சொல்லாமல் வாயைக் கட்டிக்கொண்டாள்.

பன்னிரண்டாம் நாள் பிள்ளை எழுந்திருக்கவில்லை. உலுக்கினால் கண் திறந்தது, திரும்ப மூடிக்கொண்டது. சாப்பாடு இறங்கவில்லை, குடித்த தண்ணீரும் வாந்தியாக வந்தது. மறுநாள் கண்ணின் வெள்ளை மஞ்சள் தட்டியிருந்தது. குய்ஷியான் தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

டாக்டர் துவான் நான்கு வருடமாக ஷியாவ்மானைப் பார்க்கிறவள். ரத்தப் பரிசோதனைத் தாளை இரண்டு முறை படித்தாள்.

"ஷியாவ்மான் அம்மா, கல்லீரல் அடி வாங்கியிருக்கு. புதுசா ஏதாவது குடுத்தீங்களா? நாட்டு மருந்து, வேர், ஏதாவது?"

"இல்ல டாக்டர். வறுத்த ஹெம்ப் வெதைதான்."

"அத நானுந்தான் கொறிக்கிறேன்," என்று டாக்டர் சிரித்துவிட்டாள். "சரி, ஏதாவது தொத்தா இருக்கும், பாத்துக்கலாம். இந்தத் தூக்கந்தான் எனக்குப் பிடிக்கல. வெளிய தெரியாம உள்ளுக்குள்ளயே வலிப்பு ஓடுதோ என்னவோ. அந்த ரெண்டாவது மருந்த இன்னிக்கே கூட்டிப் பாக்கலாம்."

நர்ஸ் மருந்தை எடுக்கப் போனாள். குய்ஷியான் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொன்னால் வேலை போகும், ஜெயிலுக்கும் போகலாம், அந்த எண்ணெய் இனி இந்த ஜென்மத்தில் கிடைக்காது. சொல்லாவிட்டால் இதோ, ஏற்கெனவே எழும்பாத பிள்ளைக்கு மருந்தைக் கூட்டப்போகிறார்கள். நர்ஸ் திரும்பி வந்தாள்.

"வேணாம், ஏத்தாதீங்க! நான் சரக்கு குடுத்தேன். சிபிடி. எங்க பேக்டரி சரக்கு."

டாக்டர் நர்ஸை வெளியே அனுப்பினாள். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள்.

"எவ்வளவு?"

"நாளைக்கு ரெண்டு கையுறை."

"மில்லிகிராம்ல சொல்லுங்க."

தொழிற்சாலைத் தராசு தூசி விழுந்தாலும் எண் காட்டும். தன் பிள்ளையின் வயிற்றுக்குள் எவ்வளவு போனது என்று மட்டும் குய்ஷியானுக்குத் தெரியாது. ஒரு நாள் பொடி கூட ஒட்டியிருக்கும், ஒரு நாள் குறைய.

"ஏம்மா, இத ஏன் மொதல்லயே சொல்லல?" டாக்டர் பரிசோதனைத் தாளை மேசையில் போட்டாள். "சிபிடி உள்ள வந்தா மத்த ரெண்டு மருந்தையும் கல்லீரலால ஒழுங்கா சமாளிக்க முடியாது. ஒண்ணு வெளிய போகாம ரத்தத்துலயே சேந்துக்கும், இன்னொண்ணோட சேந்து கல்லீரலையே கெடுக்கும். புள்ள தூங்குனது அதனாலதான். அளவு தெரிஞ்சு, கூடவே நாங்க இந்த ரெண்டையும் கொறைச்சிருந்தா..."

"கொறைச்சிருந்தா?"

அதற்குப் பதிலை அந்தப் பதினோரு நாள் ஏற்கெனவே சொல்லியிருந்தது.

"அப்ப இப்ப கொறைங்க டாக்டர். நான் அதே மாதிரி குடுக்கறேன். ஒரே அளவா பிழிவேன், சத்தியமா."

"எத நம்பிக் கொறைக்கிறது? கையுறையவா? இன்னொரு தடவ இப்படி ஆனா புள்ள பிழைக்காது. நான் எழுதித் தரவும் முடியாது. இன்னியோட நிறுத்துங்க." பிறகு, கண்ணை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, "நீங்க சொன்னது எதையும் நான் கேக்கல," என்றாள். பதிவேட்டில் 'வறுத்த விதை' என்றே இருந்தது.

ஐந்து நாளில் ஷியாவ்மான் தெளிந்தாள். வீட்டுக்கு வந்தாள், காரம் போட்ட அரிசி நூடுல்ஸ் கேட்டுச் சாப்பிட்டாள். உடம்பில் மிச்சமிருந்த எண்ணெய் இன்னும் கொஞ்ச நாள் தாங்கியது. அந்த நாட்களில் பிள்ளை அப்படிப் பேசினாள், அப்படிச் சிரித்தாள். குய்ஷியான் எதையும் கண்கொண்டு பார்க்க முடியாமல், பார்க்காமலும் இருக்க முடியாமல் அல்லாடினாள்.

வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் காலை, முகம் கழுவிக்கொண்டிருந்தபோது ஷியாவ்மான் விழுந்தாள். மதியத்துக்குள் மூன்று முறை. உதடு கிழிந்து வீங்கியிருந்தது. குய்ஷியான் மடியில் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தபோது பிள்ளைக்கு மெல்ல நினைவு வந்தது.

"அம்மா, அந்தக் கசப்பு எண்ணெய் தீந்து போச்சா?"

"ஆமா கண்ணு. தீந்து போச்சு."

"உங்க பேக்டரில கேட்டுப் பாரும்மா. இனிமே கசக்குதுன்னு சொல்ல மாட்டேன்."