ஏழாம் கட்டில்: மேற்படி

பார்மசி படிப்பின் கடைசி வருஷத்தில் அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரி வார்டுகளுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். மாதம் ஒரு வார்டு. தினமும் நோயாளிகளின் கேஸ் ஷீட்டைப் பார்த்து, மருந்தில் தவறு இருந்தால் டாக்டரிடம் சொல்லி, பயிற்சி நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். இருபது பக்கம் நிரம்பாவிட்டால் அந்த மாதம் செல்லாது. மறுபடி வாய்ப்பு வர ஆறு மாதம் காத்துக் கிடக்க வேண்டும்.

"மாத்திரை எடுத்துக் குடுக்கறதுக்கு எதுக்குடி இத்தனை வருஷப் படிப்பு?" என்று அம்மா தினமும் கேட்பாள். துணி தைத்தே அவளைப் படிக்க வைத்தவள், கேட்க உரிமை இருந்தது. இவள் வெள்ளைக் கோட்டைக் கழற்றி வாளியில் போட்டுவிட்டு, மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவுவாள். அப்படியும் தட்டில் கை வைத்தால் வார்டு நாற்றம்தான் வரும்.

நாற்றத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது 'மேற்படி' என்ற ஒரு வார்த்தையைப் பார்த்துத்தான். முதல் நாள் மருந்துகளை வரிசையாக எழுதுவார்கள். மறுநாளிலிருந்து 'மேற்படி'. நேற்றுக் கொடுத்ததையே இன்றும் கொடு என்று அர்த்தம். நோயாளியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், பிஸ்கட் தூள் ஒட்டிய விரலால் பக்கத்தைப் புரட்டிக் கிறுக்கிவிட்டுப் போவான் பயிற்சி டாக்டர். ஷீட்டின் மேல் டீ கிளாஸ் வைத்த கறை வேறு. த்தூ, இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று நினைத்துக்கொள்வாள்.

ஏழாம் கட்டிலில் ஒரு மெக்கானிக். காலில் சீழ் பிடித்து வந்தவர். சிறுநீரகமும் கொஞ்சம் பலவீனம். "பானெட்டைத் திறக்கவே வேணாம்மா. வண்டிய ஸ்டார்ட் பண்ணச் சொல்லிக் காதக் குடுத்தாப் போதும், எங்க நோவுன்னு சொல்லிருவேன்" என்று முதல் நாளே பீற்றிக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் காலை அவரே இவளைக் கூப்பிட்டார். "காதுக்குள்ள கொய்யுன்னுட்டே இருக்கும்மா. நர்சம்மா பேசுறதும் தூரத்துல கேக்குது."

அவள் உடனே ஷீட்டின் முதல் பக்கத்துக்குப் போனாள். காதையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கிற ஊசி அது. 'ஐந்து நாள் மட்டும்' என்று பெரிய டாக்டரே எழுதியிருந்தார். அதன் பிறகு எல்லாப் பக்கத்திலும் மேற்படி, மேற்படி. ஒன்பதாவது ஊசி தட்டில் தயாராக இருந்தது.

நர்சிடம் ஊசியை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டு, பயிற்சி டாக்டரிடம் ஓடினாள். "நீ மாத்திரை எண்ணுற வேலையப் பாரு தாயே" என்றான் அவன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். பெரிய டாக்டரை வராந்தாவிலேயே மறித்தாள். அவர் ஷீட்டைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போய், ஊசியின் பெயரைக் கோடு போட்டு அடித்தார்.

"ஆறாம் நாள்லேருந்து யார் யார் பாத்தீங்க? மத்தியானம் எனக்குப் பதில் வேணும்."

அவர் போனதும் பயிற்சி டாக்டர் குழைந்துகொண்டு வந்தான். "அந்த மூணு நாளும் உன் நோட்டுல என்ன இருக்கு, காட்டு."

காட்ட வேண்டியதில்லை, அவளுக்கே தெரியும். ஆறு, ஏழு, எட்டு, மூன்று நாளும் நாற்றம் தாங்கவில்லை என்று கேன்டீனில் உட்கார்ந்து, முந்தின பக்கத்தைப் பார்த்தே எழுதியிருந்தாள். ஏழாம் கட்டில்: மேற்படி. தவறு ஏதுமில்லை. கீழே அவன் கையெழுத்து. வேலிக்கு ஓணான் சாட்சி.

"ஆறாம் நாளே நீ சொன்ன, நானும் நிறுத்தச் சொன்னேன், நர்சுதான் கவனிக்கலன்னு வெச்சுக்கலாம்" என்றான். "பக்கத்தக் கிழிச்சுட்டுப் புதுசா எழுது. ஷீட்ட நான் பாத்துக்கறேன். உனக்கும் இருபது பக்கம் ஆயிடும்."

பேனாவை நீட்டினான். அவனைப் பார்க்க அவளுக்கு அருவருப்பாக இருந்தது. தன் எழுத்தைப் பார்க்க அதைவிட அருவருப்பாக இருந்தது. எங்கே பேனாவை வாங்கிவிடுவோமோ என்று பயந்தே அங்கிருந்து நகர்ந்தாள். நோட்டை அப்படியே கொண்டுபோய்ப் பெரிய டாக்டரின் மேசையில் வைத்தாள். இந்த மாதம் செல்லாது, இனி ஆறு மாதம் காத்துக் கிடக்க வேண்டியதுதான். அம்மாவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

பிறகு ஏழாம் கட்டிலுக்கு வந்தாள்.

"அண்ணே, தப்பு என் மேலயும் இருக்கு. மூணு நாள் உங்கள வந்து பாக்காமலே எழுதிட்டேன். அப்பவே நிறுத்தியிருக்கலாம். மன்னிச்சிருங்க."

மெக்கானிக் சிரித்தார். இன்ஜினுக்குக் காதைக் கொடுப்பதுபோலத் தலையை அவள் பக்கம் சாய்த்தார்.

"சரியாக் கேக்கலம்மா. இன்னொரு தடவ சொல்லு."