எரியோடு லைனில் நானும் பாம்புகளும்

தண்டவாள வேலைக்குச் சேர எழுத்துப் பரீட்சை உண்டு, ஓட்டப் பரீட்சை உண்டு, மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடக்கிற பரீட்சைகூட உண்டு. பாம்பைப் பார்த்துக் கத்தாமல் நிற்கிற பரீட்சை மட்டும் கிடையாது. இருந்திருந்தால் நான் இன்றைக்கு எரியோட்டில் என் வீட்டுக்காரர் கடையில் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டிக்கொண்டிருப்பேன்.

என் பெயர் ஸ்டெல்லா. வேலை கீமேன். திண்டுக்கல்லுக்கும் எரியோட்டுக்கும் நடுவில் ஆறு கிலோமீட்டர் தண்டவாளம் என் பொறுப்பு. அதை பீட் என்போம். தோளில் சுத்தியல், பையில் சிவப்புக்கொடி, பச்சைக்கொடி, மதியச் சோறு. தண்டவாளத்தை அடியிலுள்ள குறுக்குக் கட்டையோடு பிடித்து வைத்திருக்கிற கிளிப்புகளில் எது தளர்ந்திருக்கிறது என்று பார்த்து, தட்டி இறுக்கிக்கொண்டே நடக்க வேண்டும். போகும்போது ஒரு பக்கத் தண்டவாளம், வரும்போது மறுபக்கம். அந்த ஆறு கிலோமீட்டரில் என்னை அதட்ட ஆள் கிடையாது. கோயில் பாட்டை எந்த ராகத்தில் கொலை செய்தாலும் கேட்க நாதி கிடையாது. எனக்கு அந்த பீட் என்றால் உயிர்.

ஆனால் அதை மூன்று மாதச் சோதனைக்குத்தான் கொடுத்திருந்தார்கள். அந்தப் பீட்டில் தனியாக நடக்கிற முதல் பொம்பளை நான்தான். தேறாவிட்டால் பழனி பக்கம் கேங் வேலை. விடிவதற்கு முன் பஸ் பிடித்துப் போய், பத்துப் பேரோடு நின்று ஜல்லி அள்ள வேண்டும். எனக்கோ மண்புழுவைக் கண்டாலே முதுகு சில்லிடும். செருப்பைத் தட்டிப் பார்த்துவிட்டுக் காலை நுழைக்கிற என் இனத்து ஜனங்களே, உங்களுக்காவது என் நிலைமை புரியும்.

ஆளு கெளம்பிருச்சு

முதல் நாள் என்பதால் எங்கள் கேங் மேஸ்திரி காளிமுத்து அண்ணன் பின்னாலேயே வந்தார். "பயப்படாதத்தா, நான் இருக்கேன்ல" என்று சொன்னவர், பீடி பற்றவைக்கச் செத்த நேரம் நின்றுவிட்டார். நான் தெம்பாக முன்னே போய், ஒரு கிளிப்பைத் தட்டலாம் என்று குனிந்தேன். கட்டைக்கும் ஜல்லிக்கும் நடுவில் ஆள் நீளத்துக்கு ஒன்று வெள்ளையாகப் படுத்திருந்தது. காற்றுக்குத் தலையை வேறு ஆட்டியது.

"மாதாவே!" என்று நான் போட்ட சத்தம் சிறுமலை வரைக்கும் கேட்டிருக்கும். சுத்தியல் ஒரு பக்கம், பை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மேஸ்திரி பீடியைத் துப்பிவிட்டு ஓடிவந்தார். குனிந்து அதை இரண்டு விரலால் தூக்கினார், வெயிலில் பிடித்துப் பார்த்தார், பூப்போல மடித்து என் கையில் கொடுக்க வந்தார். நான் இன்னும் நாலடி பின்னால் போனேன். அவர் சிரிக்காமல் சொன்னார்: "இது அவுத்துப் போட்ட சட்டைத்தா. ஆளு கெளம்பிருச்சு."

கருவாட்டு வைத்தியம்

என் பீட் முடிகிற இடத்தில் ஒரு சின்னப் பாலம். அங்கே பக்கத்து பீட் கீமேன் பழனிச்சாமி அண்ணன் வருவார். ஒட்டன்சத்திரத்துக்காரர், எறும்பிடம்கூட 'ங்க' போட்டுத்தான் பேசுவார். தினமும் அங்கே சந்தித்து, "என் பக்கம் சரி, உன் பக்கம் சரியா?" என்று கேட்டுக்கொண்டு திரும்ப வேண்டும்.

ஒருநாள் பாலத்துச் சுவரில் பையை வைத்துவிட்டு அவரோடு பேசிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் பை நடக்கிறது. உள்ளே கீரி! சோற்றைத் தொடவில்லை, தொட்டுக்கொள்ள வெஞ்சனமாக வைத்திருந்த நெத்திலிக் கருவாட்டுப் பொரியலை மட்டும் டப்பாவோடு இழுத்துக்கொண்டு புதருக்குள் ஓடிவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவ்வளவும் தலை கிள்ளி, கழுவி, முறுகலாகப் பொரித்தது. பழனிச்சாமி அண்ணன்தான் ஆறுதல் சொன்னார். கீரி நடமாடுகிற இடத்தில் பாம்பு தங்காதாம்.

எனக்கு அது தேவவாக்காகிவிட்டது. மறுநாளிலிருந்து கருவாடு இரட்டைப் பங்கு. கீரிக்குத் தனி வாழை இலை. நாலு நாள் கீரி வந்தது. ஐந்தாம் நாள் வரவில்லை. அதன் பங்கை எடுத்து வைத்துக்கொண்டு நான் கவலையாகப் புதரையே பார்த்திருக்க, பழனிச்சாமி அண்ணன் இலையைத் தன் பக்கம் மெதுவாக இழுத்தார். "ஏனுங்க, அது எப்ப வேணா வருமுங்க. கருவாடு ஆறிப்போயிருமுங்களே."

வெயில் காய்ந்த சாரை

இது ரொம்பவும் சங்கடமான விஷயம். மார்கழிக் காலையில் ஒரு சாரைப்பாம்பு தண்டவாளத்தை ஒட்டி நீளமாகப் படுத்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. கொழுத்த உடம்பு. அதற்கு அடியில் எட்டு கிளிப்புகளாவது இருக்கும். நான் சத்தமில்லாமல் இறங்கி, சுற்றிப்போய், ஒன்பதாவது கிளிப்பிலிருந்து வேலையைத் தொடர்ந்தேன். யார் பார்த்தார்கள்?

நூறடி போயிருப்பேன். மனசு கேட்கவில்லை. அந்த எட்டில் ஒன்று தளர்ந்திருந்தால்? இன்னும் அரை மணியில் பாசஞ்சர் வந்துவிடும். எரியோட்டு ஜனம் பாதி அதில்தான் இருக்கும். திரும்பி வந்து, பத்து கட்டை தள்ளி நின்று கையெடுத்துக் கும்பிட்டேன். "ஐயா, எந்திரிங்க. என் பொழப்பு இது. எட்டே எட்டு. தட்டிட்டுப் போயிர்றேன்" என்று கெஞ்சினேன். அது நாக்கை நீட்டியது, அவ்வளவுதான். கடைசியில் கோபம் வந்து, நின்ற இடத்திலேயே தண்டவாளத்தை ஓங்கி ஓர் அடி அடித்தேன். அந்த அதிர்வில் சாரை விருட்டென்று இறங்கிப் போய்விட்டது. அட, இம்புட்டுத்தானா!

எட்டில் ஆறாவது கிளிப் பாதி வெளியே வந்திருந்தது. அதைத் தட்டி உள்ளே ஏற்றும்போது எனக்குப் பாம்பு நினைப்பே இல்லை, பாசஞ்சர் நினைப்புதான். நிமிர்ந்தால், மேட்டில் ஆடு மேய்க்கிற அக்கா ஒருத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு முதலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். "ஏண்டி, மொதல்ல கும்புடுற, அப்புறம் அடிக்கிற. ஒனக்கு அதுகிட்ட என்னதான் வேணும்?"

ஐம்பத்தெட்டு வேகன்

ரயில்வேயில் ஒரு விதி உண்டு. கொடி கையில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தண்டவாளத்துப் பக்கம் நின்று ஒருத்தர் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினால் ஆபத்து என்று அர்த்தம். எந்த வண்டியாக இருந்தாலும் நிற்க வேண்டும். பயிற்சியில் முதலில் சொல்லிக்கொடுத்ததே இதுதான். பாம்பைக் கண்டால் என் கை எங்கே போகும் என்பதை நான்தான் யாரிடமும் சொல்லவில்லை.

சோதனையின் மூன்றாவது மாதம். கூட்ஸ் வண்டி வருகிற சத்தம் கேட்டு, ஒழுங்காக ஒதுங்கி நின்றேன். காலடி ஜல்லி சரசரத்தது. குனிந்தால், ஒரு முழம் தள்ளி நல்ல பாம்பு. படம் வேறு எடுத்திருந்தது. அப்புறம் நடந்ததெல்லாம் என் கைகள் தாமாகச் செய்தவை. வண்டி கிறீச்சிட்டுக்கொண்டே வந்து, என்னைத் தாண்டி, நெடுந்தூரம் இழுத்துப் போய் ஒருவழியாக நின்றது. அந்த அதிர்வுக்குப் பாம்பு எப்போதோ போய்விட்டது. நான் மட்டும் இரண்டு கையையும் தூக்கியபடி மரம் மாதிரி நின்றிருந்தேன்.

இன்ஜினிலிருந்து டிரைவர் இறங்கி, ஜல்லியில் தட்டுத்தடுமாறி ஓடிவந்தார். நரைத்த மீசை, வியர்த்துக்கொட்டிய முகம். "என்னம்மா, தண்டவாளம் ஒடைஞ்சிருச்சா?" என்றார். "இல்ல சார். பாம்பு" என்றேன். அவர் திரும்பித் தன் வண்டியைக் கடைசி வரைக்கும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஐம்பத்தெட்டு வேகன்மா. ஒரு பாம்பு."

திண்டுக்கல் ஆபீசில்

வண்டி நின்றால் காரணம் எழுத வேண்டும். "மாடு குறுக்க வந்துச்சுன்னு எழுதுத்தா, எந்த மாடு வந்து இல்லைன்னு சொல்லப்போகுது?" என்றார் மேஸ்திரி. நல்ல யோசனைதான். பேனாவையும் எடுத்துவிட்டேன். ஆனால் நாளைக்கு நான் நிஜமாகவே தண்டவாளம் உடைந்திருக்கிறது என்று சொன்னால் ஒருத்தராவது நம்ப வேண்டாமா? 'பாம்பைப் பார்த்துப் பயந்து கையைத் தூக்கிவிட்டேன்' என்று உள்ளது உள்ளபடி எழுதிக் கொடுத்தேன்.

எங்கள் பிரிவு எஞ்சினியர் அதை இரண்டு தரம் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாம் தரமும் படித்தார். அந்த ஆறு கிலோமீட்டர், கீரி, ஆட்டுக்கார அக்கா எல்லாம் கையை விட்டுப் போகிற மாதிரி இருந்தது. "சார், இன்னொரு தடவ குடுத்துப் பாருங்க சார்" என்றேன். அவர் விரலை நீட்டிச் சொன்னார்: "இனிமே பாம்பக் கண்டா ரெண்டு கையையும் கட்டிக்கிட்டு நிக்கணும். வெள்ளிக்கிழமை நானே கூட நடந்து வந்து பாப்பேன். கை மேல போச்சு, திங்கக்கிழமை பழனிக்குப் போயிரு."

வீட்டுப் பாடம்

வெள்ளிக்கு நாலு நாள் இருந்தது. என் வீட்டுக்காரர் பயிற்சி கொடுக்கக் கிளம்பிவிட்டார். கடையிலிருந்து பழைய டியூபை நீளநீளமாக வெட்டிக்கொண்டு வந்து, நான் எதிர்பார்க்காத நேரமெல்லாம் காலடியில் வீசுவார். பாத்திரம் கழுவும்போது ஒன்று, ஜெபம் சொல்லும்போது ஒன்று. முதல் நாள் கரண்டி பறந்தது. மூன்றாம் நாள் அசையாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். எனக்கே பெருமை தாங்கவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைப் பார்த்தும் அப்படியே நின்றேன். அவர் ஓடிவந்து அடுப்பை அணைத்துவிட்டு அலுத்துக்கொண்டார்: "அடியே, பாம்புக்கு மட்டுந்தாண்டி கையக் கட்டச் சொன்னாங்க!"

வெள்ளிக்கிழமை

எஞ்சினியர் சார் பளபளவென்று புது ஷூவில் வந்தார், கையில் என் பெயர் எழுதிய ஃபைல். ஐந்து கிலோமீட்டர் நடந்தோம். மூன்று மயில், ஒரு உடும்பு, முள்ளுக்குள் ஒரு முயல். பாம்பு இல்லை. உடும்புக்குக்கூட நான் கையைக் கட்டிக்கொண்டேன், சார் ஏதோ குறித்துக்கொண்டார். இன்னும் ஒரே கிலோமீட்டர். மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டே நடந்தேன்.

பாலத்தை நெருங்கும்போது கூட்ஸ் வண்டி வந்தது. இரண்டு பேரும் ஒதுங்கி நின்றோம். சாரின் ஷூ மேல் பென்சில் கனத்தில் ஒரு குட்டிப் பாம்பு ஏறிக்கொண்டிருந்தது. பாவம், அது பச்சைப்பிள்ளை, லேசுக்குள் தலையை விட்டு வழி தேடியது. என் இரண்டு கையும் சட்டென்று மார்போடு கட்டிக்கொண்டன. இறுக்கிப் பிடித்துக்கொண்டே, "சார், கையக் கட்டிக்கங்க!" என்று கத்தினேன். "எதுக்கு?" என்றார். "நீங்க சொன்னதுதான் சார்!" என்றேன். அவர் குனிந்து பார்த்தார்.

ஃபைல் பறந்தது, தாளெல்லாம் பறந்தது, இரண்டு கையும் வானத்துக்குப் போயின. வண்டி கிறீச்சிட்டு நின்றது. இறங்கி வந்தவர் அதே நரைத்த மீசைக்காரர். கையைக் கட்டிக்கொண்டு சமர்த்தாக நிற்கிற என்னைப் பார்த்தார். கையைத் தூக்கியபடி சிலையாக நிற்கிற சாரைப் பார்த்தார். குட்டிப் பாம்பு அதற்குள் ஜல்லிக்குள் மறைந்துவிட்டிருந்தது. டிரைவர் ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "சார், நீங்க கைய எறக்குனாத்தான் நான் வண்டிய எடுக்க முடியும்."

வண்டி போன பிறகு சார் பாலத்துச் சுவரில் உட்கார்ந்து ஒரு பாட்டில் தண்ணீரையும் குடித்தார். நான் தாள்களைப் பொறுக்கிக்கொண்டு வந்து கொடுத்தேன். என் சோதனைத் தாளில் 'தேறினார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு அங்கேயே குதிக்கணும்போல் இருந்தது. தாளைக் கொடுத்ததுமே கை பழையபடி கட்டிக்கொண்டுவிட்டதால் குதிக்க வரவில்லை. போகிறவர் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: "ஸ்டெல்லா, அன்னைக்கு நீ எழுதிக் குடுத்த காயிதத்தோட நகல் இருந்தா குடும்மா. பேர மட்டும் மாத்தி நானும் எழுதிக்கிறேன்."

ஆகவே என் அனுபவத்தில் பயம் ஒன்றும் எங்கேயும் போய்விடுவதில்லை, அது வருகிறபோது கையை எங்கே வைத்துக்கொள்வது என்று மட்டும் தெரிந்திருந்தால் போதும், பீட் நம்முடையதுதான்.