ஸ்கேன் படங்களைப் பூட்டி வைத்த பெட்டி

நீங்கள் பொய் சொன்னீர்கள். அந்தப் பெட்டியை விற்க வந்த முதல் நாளே, டாக்டரின் அறையில், ஏசிக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு கூசாமல் சொன்னீர்கள். நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு யாரும் நாற்காலி போடவில்லை.

"இதுல வச்சது வச்சபடி இருக்கும் டாக்டர். ஸ்கேன் ஃபிலிம் எல்லாம் இனிமே எதுக்கு? பேஷன்ட் எத்தன வருஷம் கழிச்சு வந்து கேட்டாலும் ஒரு கிளிக்ல எடுத்துக் குடுத்துடலாம்."

டாக்டர் தலையாட்டினார். ஃபிலிம் செலவு கம்மியாகும் என்றதும் அவர் காது வேறு எதையும் கேட்காது.

திருவண்ணாமலையில் பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் ஸ்கேன் சென்டர் அது. கம்ப்யூட்டர் என்று பெயர் வைத்த எல்லாமே என் தலையில்தான். நெட் போனாலும் நான், பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் நான், டாக்டர் மகளின் செல்போன் தண்ணீரில் விழுந்தாலும் நான். நீங்கள் விற்க வந்தது ஒரு ஸ்டோரேஜ் பெட்டி. நிறைய ஹார்ட் டிஸ்க்குகளை ஒன்றாகக் கோர்த்து, ஒன்று கெட்டுப்போனாலும் மற்றவை தாங்கிக்கொள்ளும்படி செய்திருப்பார்கள். பெரிய கம்பெனிகளுக்கென்று செய்தது. உள்ளே ஓடும் மென்பொருள் உங்கள் கம்பெனியுடையது. அதன் சாவியும் உங்களிடம்தான்.

நான் அப்போதே சொன்னேன். "நம்மகிட்ட இருக்கிற சர்வர்லயே, யாரு வேணும்னாலும் இலவசமா எடுத்துப் போட்டுக்கிற ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர் போட்டு இதே வேலையப் பண்ணலாம் டாக்டர். நாளைக்கு மெஷின் போனாலும் டிஸ்க்க கழட்டி வேற மெஷின்ல மாட்டிக்கலாம்."

நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். "ஓசில வர்றத நம்பி பேஷன்ட் டேட்டாவ வைப்பீங்களா சார்? ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா யாருக்கு போன் பண்ணுவீங்க?"

"அதானே," என்றார் டாக்டர். "நம்ம ஊர்ல ஓசின்னா பௌர்ணமி அன்னைக்கி அன்னதானம்தான்யா நல்லா இருக்கும்."

இரண்டு பேரும் சிரித்தீர்கள். பெட்டி வந்தது. ஃபிலிம் நின்றது. நோயாளிகளுக்கு ஒரு தாளில் ரிப்போர்ட்டும் தபால்தலை அளவில் இரண்டு படமும் கொடுத்து அனுப்பத் தொடங்கினோம்.

நான் ஓப்பன் சோர்ஸ் பக்தன் இல்லை. அந்தக் கூட்டத்தையும் எனக்குத் தெரியும். லேப்டாப் முழுக்க ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு சுதந்திரம் பேசுவார்கள். இணையத்தில் ஒரு சந்தேகம் கேட்டால், முதலில் கையேட்டைப் படித்துவிட்டு வா என்று எரிந்து விழுவார்கள். அவர்களிடம் திட்டு வாங்கித்தான் கற்றுக்கொண்டேன். ஆனால் எதையும் அவர்கள் பூட்டி வைக்கவில்லை. அந்த ஒரு காரணத்துக்காக அவர்களுடைய திமிரைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பழைய சர்வரை நான் சும்மா விடவில்லை. அந்த மென்பொருளைப் போட்டு, கேமரா பதிவுகளையும் கணக்கு வழக்கையும் அதில் ஏற்றினேன். ஒரு கோடை மழையில் இடி இறங்கி அதன் போர்டு கருகியது. டிஸ்க்குகளைக் கழற்றினேன், மூலையில் கிடந்த வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டினேன், அதே மென்பொருளை இறக்கிப் போட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லாம் திரும்ப வந்துவிட்டது. டாக்டர் எட்டிப் பார்த்து, "கேமரா வருதா? சரி," என்று போய்விட்டார்.

அன்றைக்கே கேட்டேன், ஸ்கேன் படங்களுக்கும் இதில் ஒரு நகல் வைக்கலாமா என்று. டாக்டர் உங்களுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"சர்டிஃபை பண்ணாத எதையாச்சும் நம்ம பெட்டில கனெக்ட் பண்ணீங்கன்னா சப்போர்ட் போயிடும் டாக்டர். பேக்கப் உள்ளயே இருக்கு. எதுக்கு ரிஸ்க்?"

உள்ளேயே இருக்கும் பேக்கப். வீட்டுச் சாவியின் டூப்ளிகேட்டை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறவனை நாம் என்ன சொல்வோம்? உங்களுக்கு அதற்காக ஊக்கத்தொகை கொடுத்தார்கள்.

பிறகு ஓர் ஆயுத பூஜை வந்தது. சென்டரில் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் உண்டு. ஸ்கேன் மெஷின், ஜெனரேட்டர், ரிசப்ஷன் பெண்ணின் ஸ்டேப்ளர் வரை. அந்த வருடம் டாக்டர் சர்வர் அறைக்குள் வந்து, விளக்குகள் சிமிட்டிக்கொண்டிருந்த உங்கள் பெட்டியையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது மட்டும் ஓடிக்கினே இருக்கு. இன்னைக்கி ஒரு நாளாச்சும் நிறுத்துயா. பூஜையில வச்சத தொடக் கூடாது."

"வேணாம் டாக்டர். வருஷக்கணக்கா நிக்காம ஓடின மெஷினு. நிறுத்தினா திரும்ப எழுந்திருக்கும்னு சொல்ல முடியாது."

"நல்ல நாள் அதுவுமா வாயக் கழுவுயா. அப்ப ஸ்கேன் மெஷினு மட்டும் எழுந்திருக்குதா இல்லியா?"

நிறுத்தினோம். பொரி, சுண்டல், பூசணிக்காய் எல்லாம் முறைப்படி நடந்தது. மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து டாக்டரே பொத்தானை அழுத்தினார். விசிறிகள் சுற்றின. சிவப்பு விளக்கு எரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. பெட்டியை நடத்தும் போர்டு செத்துப்போயிருந்தது.

நான் பூஜையைக் குறை சொல்லவில்லை. டாக்டரின் பிடிவாதத்தை என்ன சொல்வதென்று எனக்குத் தெரியும், அதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன். ஆனால் மெஷின் என்றால் என்றைக்காவது ஒருநாள் சாகும். இடியால் சாகும், பூஜையால் சாகும், ஒன்றுமே இல்லாமலும் சாகும். செத்த பிறகு என்ன என்பதுதான் கேள்வி. அதற்குத்தான் உங்களை நம்பினோம்.

உங்கள் கம்பெனிக்கு போன் செய்தேன். ஏதாச்சும் ஆச்சுன்னா யாருக்கு போன் பண்ணுவீங்க என்று கேட்டீர்களே, அந்த நம்பருக்குத்தான். ஒரு பெண் மிக மரியாதையாகப் பேசினார். "அந்த மாடலுக்கு சப்போர்ட் முடிஞ்சிடுச்சு சார். போர்டு இப்ப தயாரிக்கிறதில்ல. புது மாடல் எடுத்தீங்கன்னா, பழைய டேட்டாவ மாத்திக் குடுக்க எங்க டீம் வரும்."

அந்த வாரம்தான் ஓர் அக்கா வந்தார். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதை ஓரமாக இளநீர்க் கடை வைத்திருப்பவர். முந்தின வருடம் எங்களிடம் ஸ்கேன் எடுத்தபோது ஈரலில் ஒரு சின்னக் கட்டி தெரிந்தது. இப்போது வலி வந்து வேலூருக்குப் போயிருக்கிறார். அங்கே புதிதாக ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, பழைய படங்களைக் கேட்டிருக்கிறார்கள். கட்டி வளராமல் அப்படியே இருந்தால் சும்மா விட்டுவிடலாம். வளர்ந்திருந்தால் வயிற்றைத் திறந்து வெட்டி எடுக்க வேண்டும். பழைய ரிப்போர்ட்டில் "சிறிய கட்டி" என்று மட்டும் இருந்தது. தபால்தலைப் படத்தில் எதையும் அளக்க முடியாது.

"படம் உங்ககிட்டதான் இருக்குதுன்னு அன்னைக்கி சொன்னீங்களே தம்பி," என்றார்.

"இருக்குதுக்கா. பூஜைக்கு நிறுத்தின பெட்டி திரும்ப எழுந்திருக்கல. எடுக்க முடியல."

"இன்னாது, இருக்குது ஆனா எடுக்க முடியாதா? பேங்க்ல கூட அப்படிச் சொல்ல மாட்டானே."

அவர் வீட்டுக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து மஞ்சள் பையை மடித்துக்கொண்டிருந்தார். "சார்க்குத் தெரியாதா, விடு," என்றார். எனக்கு அது செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

சென்னைக்குப் போனேன். பழைய சாமான் கடைகளில் தேடி, அதே மாடல் போர்டு ஒன்றைக் கண்டுபிடித்தேன். நன்றாக வேலை செய்கிற போர்டு. கொண்டுவந்து மாட்டினேன். பெட்டிக்கு உயிர் வந்தது. திரையில் வரிகள் ஓடின. அப்போதுதான் பார்த்தேன், உள்ளே ஓடும் அடிப்படை மென்பொருள் எது என்று. நான் ஓசியில் இறக்கிப் போட்ட அதே ஓப்பன் சோர்ஸ்தான். நீங்கள் ஓசி என்று சிரித்த அதே பொருளைத்தான் உள்ளே வைத்து, மேலே ஒரு பூட்டை மட்டும் செய்து மாட்டி விற்றிருக்கிறீர்கள். உங்கள் கம்பெனியின் சொந்தச் சரக்கு அந்தப் பூட்டு ஒன்றுதான்.

அந்தப் பூட்டு தன் வேலையைச் சரியாகச் செய்தது. இந்த போர்டு இந்தப் பெட்டிக்குப் பதிவு செய்யப்பட்டதல்ல, உங்கள் விற்பனையாளரை அணுகவும் என்று ஒரு வரி காட்டிவிட்டு நின்றது. டிஸ்க்குகளைக் கழற்றி என் சர்வரில் மாட்டிப் பார்த்தேன். எல்லா டிஸ்க்கும் நலம். எழுதியிருப்பது உங்கள் கம்பெனியின் தனி முறையில், உங்கள் சாவியால் மறைத்து. வெளியிலிருந்து பார்த்தால் குப்பை. அந்தக் குப்பைக்குள் எங்கேயோ அக்காவின் ஈரல் இருந்தது.

உங்களுக்கே போன் செய்தேன். அதற்குள் நீங்கள் பதவியில் மேலே போயிருந்தீர்கள், உங்களைப் பிடிக்கவே இரண்டு பேரைத் தாண்ட வேண்டியிருந்தது. நான் வாங்கி வந்த போர்டை அந்தப் பெட்டிக்குப் பதிவு செய்து திறந்துவிட்டால் போதும், ஒரு நோயாளியின் படத்தை எடுத்துக்கொண்டு திரும்ப மூடிவிடுகிறேன் என்று கெஞ்சினேன். ஆமாம், கெஞ்சினேன்.

"பாலிசி சார். உங்களுக்குத் தெரியாததா? அந்தம்மாவுக்கு ஃப்ரெஷ்ஷா ஒரு ஸ்கேன் எடுத்துடுங்களேன்."

இன்றைக்கு எடுக்கும் ஸ்கேன் இன்றைக்கு இருப்பதைத்தான் காட்டும். போன வருடம் எவ்வளவு இருந்தது என்பதை அது எப்படிச் சொல்லும்? இது புரியாத ஆள்தான் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் ஃபிலிம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வேலூரில் கொஞ்ச நாள் பார்த்தார்கள். பழைய அளவு தெரியாமல் விட்டுவைக்க பயந்து, வயிற்றைத் திறந்தார்கள். எடுத்துச் சோதித்தால் ஒன்றுமில்லாத கட்டி. வளர்ந்ததா இல்லையா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பழைய படம் இருந்திருந்தால், அந்த வயிற்றில் கத்தி பட்டிருக்காமலே போயிருக்கலாம். பட்டும் இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ளும் வழியைத்தான் நீங்கள் பூட்டி வைத்தீர்கள்.

கடைக்குப் போய்ப் பார்த்தேன். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இளநீர்க் குலையைத் தூக்கக் கூடாதாம், வீட்டுக்காரர்தான் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார், அதுவும் கோணல்மாணலாக.

"கேன்சர் இல்லன்னுட்டாங்க தம்பி. நல்ல சேதிதான்," என்றார் அக்கா. பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து, "உங்க பெட்டிக்குப் பொட்டு, எனக்குத் தையலு. நல்லா கொண்டாடுனீங்க பூஜைய," என்றார்.

வீட்டுக்காரர் இளநீரை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். குடிக்கத்தான் முடியவில்லை.

டாக்டர் என்ன செய்தார் தெரியுமா? உங்களிடமே புதுப் பெட்டி வாங்கினார். வெட்கம் என்பது அவருக்கு ஜாஸ்தி கிடையாது. உங்கள் டீம் வந்தது, காபி குடித்தது, அந்தப் பெட்டிக்கே பதிவான போர்டு இல்லாமல் எதையும் மாற்ற முடியாது, நான் வாங்கி வந்தது செல்லாது என்று சொல்லிவிட்டுப் போனது. புதுப் பெட்டியை விற்க ஒரு பொய், விற்ற பிறகு ஓர் உண்மை. நான் அந்த வாரமே வேலையை விட்டேன். பழைய பெட்டி ஜெனரேட்டர் அறையில் கிடக்கிறது, அதற்குள் இந்த ஊர்க்காரர்கள் எத்தனையோ பேரின் நெஞ்சும் தலையும் வயிறும்.

இதை எழுதப்போகிறேன் என்று எப்படியோ தெரிந்து, நேற்று எனக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறீர்கள். "நேர்ல பேசிக்கலாம் சார், வெளிய வேண்டாம்." நேரில் பேச என்னிடம் ஒன்றுமில்லை. சென்னையில் ஹோட்டல் மேடைகளில் ஏறி, டேட்டா வாடிக்கையாளரின் சொத்து என்று பேசுகிறீர்களாமே. அடுத்த முறை அதே மேடையில், அதே மைக்கில் சொல்லுங்கள். அந்தப் பெட்டிக்குள் இருக்கும் ஸ்கேன் படங்கள் யாருடையவை? அந்த அக்காவுடையவை என்றால், அவற்றைத் திறக்கும் சாவி ஏன் இன்னும் உங்கள் கம்பெனியிடம் இருக்கிறது? உங்கள் கம்பெனியுடையவை என்றால், அதை விற்க வந்த அன்று ஏன் சொல்லவில்லை? எனக்கு மெசேஜ் வேண்டாம். எல்லோர் முன்னாலும் பதில் சொல்லுங்கள்.