பக்கம் திரும்பும் முன்பே படித்தவள்

நான் பத்தாவது படித்தபோது கள்ளிக்குப்பத்தில் பக்கத்து வீட்டு கௌரிக்கு மாலையில் பாடம் சொல்லிக் கொடுத்தேன். மூன்றாம் வகுப்பு வந்தும் அவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரவில்லை. நான் ஒரு வரி படிப்பேன், அவள் திருப்பிச் சொல்வாள். கொஞ்ச நாளிலேயே தமிழ்ப் புத்தகத்தைக் கடகடவென்று படித்தாள். சில சமயம் பக்கத்தைத் திருப்பும் முன்பே அடுத்த பக்கத்து வரி அவள் வாயில் வந்துவிடும். கெட்டிக்காரி என்று நினைத்தேன். அவள் அம்மா முனியம்மாவிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன்.

மழைக்காலத்தில் கௌரியின் கைக்குழந்தைத் தம்பிக்குக் காய்ச்சல். நான் போனபோது முனியம்மா அக்கா அவனை மடியில் கிடத்தி, கரண்டியில் மருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். கற்பூர நெடி மூக்கில் ஏறியது.

“இன்னாக்கா அது, இப்டி நெடி அடிக்குது?”

“டாக்டரு ரெண்டு பாட்டிலு குடுத்தாரு. குடிக்க ஒண்ணு, நெஞ்சுல தேய்க்க ஒண்ணு. கௌரி படிச்சிப் பாத்து இதான் குடிக்கிறதுன்னு சொல்லிச்சி. நல்லா படிக்குதுன்னு நீதானே சொன்னே.”

கரண்டி குழந்தையின் வாயருகே போனது. பாட்டிலில் கம்பவுண்டர் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தேன். ‘மேலுக்குத் தடவ மட்டும்.’ அக்காவின் கையைத் தட்டிவிட்டேன்.

கௌரி மூலையில் நின்றாள். அவளுடைய தமிழ்ப் புத்தகத்தைத் திறந்து, நடுவில் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து, “இது இன்னா?” என்று கேட்டேன். அவள் பாடத்தின் முதல் வரியிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.

இப்போது என்னிடம் பாடம் படிக்க வரும் பிள்ளைகளை, பாடத்தின் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கித்தான் படிக்கச் சொல்கிறேன். யாராவது தடங்கலே இல்லாமல் படித்தால், இன்றும் எனக்கு அந்தக் கற்பூர நெடி அடிக்கிறது.