ஆஸ்பத்திரி அடுப்பில் சுட்ட அதிரசம்

சென்ற வெள்ளிக்கிழமை காலை, ஜொகூர் பாரு ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் என் அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கூலாய்த் தோட்டத்துத் தங்கவேலு கங்காணி வாசலில் வந்து நின்றார். முதல் ரயிலில் வந்திருக்கிறார். உள்ளே வரவில்லை. தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "பசியாறிட்டீங்களா ஐயா?" என்று கேட்டார்.

ஆயிற்று என்றேன்.

"அப்ப சரி. வெறும் வயித்துல இருக்கிறவருகிட்டச் சொல்லக் கூடாதுன்னுதான் கேட்டேன். காத்தமுத்து அண்ணன் போயிட்டாருங்க."

அன்று ஜலசந்தியின் மேல் பனி இறங்கியிருந்தது. கடலையும் வானத்தையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இருவரும் கூலாய்க்கு ரயிலேறினோம். ஜன்னலுக்கு வெளியே ரப்பர் பால் வடியும் கித்தா மரங்கள் வரிசை வரிசையாக வந்து, ஒரு கணம் நேராக நின்று, மறுபடி கலைந்து போயின. நான் பாதி விழித்தும் பாதி உறங்கியும் இருந்தேன் என்று நினைக்கிறேன். எந்த நேரத்திலும் காத்தமுத்துவின் குரல் கேட்கும் என்ற எண்ணம் விட்டுப்போகவில்லை.

மாலையில் அடக்கம் முடிந்தது. எல்லாரும் குளித்துவிட்டு மாரியம்மன் கோயில் முன்னால் கூடினார்கள். அப்போது செல்லம்மா எழுந்து பேசினார். தோட்டத்தில் எல்லாரும் அவருடைய சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள்.

"அண்ணனுக்குப் பொண்டாட்டி இல்ல, பிள்ளை இல்ல. நாமதான் அவருக்கு வீட்டாளுங்க. சாவு விழுந்த வீட்டுல சட்டி வைப்பாங்களா? இந்தத் தீவாளிக்கு எந்த லயத்து வீட்டுலயும் எண்ணெய்ச் சட்டி ஏறக் கூடாது."

யாரும் மறுக்கவில்லை. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையசைத்தார்கள். சாவு நேர்ந்த வீட்டில் அந்த ஆண்டு பண்டிகைப் பலகாரம் சுடுவதில்லை என்பது நம் வழக்கம்தான். ஆனால் காத்தமுத்து அவர்கள் தமக்காக அப்படி நடக்கக் கூடாது என்று என்னிடம் சொல்லி வைத்திருந்தார். அதை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். எழுந்தேன். மேல்துண்டைச் சரிசெய்தேன். மறுபடி உட்கார்ந்துவிட்டேன். கூட்டத்தில் பேசுவது எனக்கு எந்த வயதிலும் கைவரவில்லை.

திரும்பும்போது தங்கவேலுவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். "எழுதிக் குடுங்க ஐயா, கோயில் கூட்டத்துல நான் படிக்கிறேன். எழுத்துகூடவா உங்களைப் பயமுறுத்துது?" என்றார். அதனால் எழுதுகிறேன். தோட்டத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு அவரைத் தெரியாது. ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன். எங்காவது பிசகியிருந்தால் பெரியவர்கள் திருத்திக்கொள்ள வேண்டும்.

காட்டை அழித்து இந்தத் தோட்டம் போட்ட காலத்தில் நான் இங்கே மருந்து கொடுத்துக் கட்டுப் போடும் டிரஸ்ஸராக வந்தேன். ஆஸ்பத்திரி என்பது பலகை அடித்த மூன்று அறைகள், அதற்குப் பின்னால் ஒரு சமையல் கொட்டகை. கொட்டகைக்குள்ளிருந்து ஒரு பெரிய உருவம் அகப்பையோடு வெளியே வந்து, என் மருந்துப் பெட்டியையும் அளவுக் குப்பியையும் பார்த்துச் சிரித்தது.

"ஐயா அளந்து அளந்து கசப்புக் குடுப்பீங்க. நான் அளக்காம சோறு போடுவேன். யாருகிட்ட சனம் வரும்னு பாத்துருவோம்."

ஜனம் அவரிடம்தான் போயிற்று. எனக்கு அதில் வருத்தம் இருந்ததாக நினைவில்லை. காய்ச்சல்காரர்களுக்கு வாய் கசக்கும், கஞ்சியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். காத்தமுத்து கட்டிலுக்குக் கட்டில் போய் உட்கார்ந்து, "உங்க ஊருல கஞ்சிக்கு என்ன தொட்டுக்குவீங்க?" என்று கேட்பார். ஒருவன் மோர்மிளகாய் என்பான். இன்னொருவன் கருவாட்டைச் சுட்டுத் தருவார்கள் என்பான். சொல்லும்போதே அவர்களுக்கு நாக்கில் ஈரம் வந்துவிடும். கேட்ட பொருள் இந்த நாட்டில் கிடைக்காது. அவர் நெத்திலியை வறுத்து, மிளகாயும் தேங்காயும் வைத்து அரைத்துக் கொண்டுவருவார். இல்லையென்றால் ஓடையோரத்துக் கங்குங் கீரையைப் புளிவிட்டுக் கடைந்து கொண்டுவருவார். "இந்தா, உங்க ஊருதுதான். கப்பல்ல வந்ததால கொஞ்சம் நிறம் மாறிருச்சு" என்பார். பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும். கஞ்சி உள்ளே போய்விடும்.

எனக்கும் ஒருமுறை மலைக்காய்ச்சல் வந்தது. அந்த நாட்கள் எனக்குக் கனவைப் போலத்தான் இருக்கின்றன. கூரை மெல்ல மேலே போகும், திரும்பி வரும். வெண்மையான ஆவி ஒன்று என்னை நோக்கி நடந்து வரும், அதற்குள்ளிருந்து தேங்காய்ப்பாலும் பாண்டான் இலையும் மணக்கும். நான் அவரை அம்மா என்று அழைத்தேனாம். "அம்மான்னு கூப்பிட்டீங்கய்யா, நானும் 'ஏன்டா'ன்னு கேட்டுட்டேன். மன்னிச்சுக்குங்க" என்று பின்னால் சொன்னார். அது உண்மையா, கேலியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஜெர்மனியோடு நடந்த பெரிய யுத்தம் முடியும் தறுவாயில் விஷக்காய்ச்சல் வந்தது. தீபாவளி நெருங்கிய மழைக்காலம். அதைப் பற்றி விரிவாக எழுத எனக்கு மனம் வரவில்லை. சாவு விழாத வீடு லயத்தில் இல்லை என்று சொன்னால் போதும். காத்தமுத்துவின் மனைவி பாக்கியம் அம்மாள் போனார். செல்லம்மாவின் கணவர் போனார். அப்போது செல்லம்மாவுக்குக் கைக்குழந்தை.

பண்டிகைக்கு முந்தின நாள் தோட்டத்தில் எண்ணெய் வாசனையே இல்லை. எல்லாம் துக்க வீடுகள், யார் சட்டி வைப்பது? ஊரில் என்றால் துக்க வீட்டுக்கு உறவுக்காரர்கள் பலகாரம் கொண்டுவந்து கொடுப்பார்கள். இங்கே ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கப்பலேறி வந்தவர்கள். இருந்த உறவையும் காய்ச்சல் கொண்டுபோயிருந்தது. காய்ச்சலிலிருந்து எழுந்த குழந்தைகள் லயத்து வாசல்களில் சும்மா உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அன்று மாலை சமையல் கொட்டகையில் புகை எழுந்தது. போய்ப் பார்த்தேன். காத்தமுத்து அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தார். நம் ஊர் வெல்லம் கிடைக்கவில்லை. ஆற்றுக்கு அக்கரைக் கிராமத்து மலாய்க்காரர் ஒருவர் தென்னை வெல்லத்தை ஓலையில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அவர் வீட்டிலும் காய்ச்சல்தான். பாகு கறுப்பாக இருந்தது, புகை மணத்தது. அதிரசங்கள் கித்தா மரப் பட்டையின் நிறத்தில் எண்ணெயில் மிதந்தன.

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு செல்லம்மா வந்தார். "அண்ணே, அக்கா போயி இன்னும் கண்ணீரு காயல. நீங்களே தீட்டுக்காரரு. நீங்க சட்டி வைக்கலாமா?"

அவர் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "தீட்டு என் வீட்டு அடுப்புக்குத்தான் தங்கச்சி. அதை நான் மூட்டலையே. இது துரை அடுப்பு. துரை வீட்டுல யாரும் சாகல."

செல்லம்மா சிரித்துவிட்டார். சிரித்ததற்காக உடனே அழுதார். காத்தமுத்து ஒரு அதிரசத்தை ஊதி ஆற வைத்து, கிள்ளிக் குழந்தையின் வாயில் வைத்தார். குழந்தை அதைச் சப்பியது. மீதியைச் செல்லம்மா தின்றார். பிறகு மூன்று கூடைகளில் நிரப்பிக்கொண்டு நாங்கள் வாசல் வாசலாகப் போனோம். நான் கூடையைத் தூக்கினேன், பேசியவர் அவர்தான். மழை நின்று எங்கும் ஈரம் மினுங்கிற்று. ஒவ்வொரு வாசலிலும் யாரோ மெதுவாக மென்றுகொண்டிருந்தார்கள். அந்தச் சின்னச் சத்தம் லயம் முழுவதும் கேட்டது. அதைவிட இனிய ஓசையை நான் வாழ்க்கையில் அதிகம் கேட்டதில்லை.

அதன்பிறகு எந்தத் தீபாவளிக்கும் துக்க வீட்டுக்கு முதல் பலகாரம் ஆஸ்பத்திரி அடுப்பிலிருந்துதான் போயிற்று. மற்ற வீடுகளும் பின்னாலேயே கொண்டுபோகப் பழகிக்கொண்டன.

கித்தா விலை விழுந்தபோது பாதி ஜனங்களைக் கப்பலேற்றி ஊருக்கே திருப்பி அனுப்பினார்கள். கூலாய் ஸ்டேஷனில் மூட்டைகளும் அழுகையும். காத்தமுத்து அவித்த மரவள்ளிக்கிழங்கும் அதிரசமும் இலையில் கட்டிக்கொண்டு வந்து, ஜன்னல் ஜன்னலாகக் கொடுத்தார். ஒரு பெண் கேட்டாள்: "இது ஊருல கிடைக்குமாண்ணே?"

"ஊருல அதிரசம் செவப்பா இருக்கும் தாயி. கறுப்பு வேணும்னா இங்கதான் திரும்பி வரணும்."

வண்டி நகர்ந்தது. அவர் கொஞ்ச தூரம் கூடவே நடந்தார். வண்டி மறைந்தபின் காலி இலைக்கட்டை மடித்துக்கொண்டு, "ஐயா, வாங்க பசியாறுவோம்" என்றார். அன்று அவர் சாப்பிடவில்லை. நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விலை தேறியபின் பலர் திரும்பி வந்தார்கள். அந்தப் பெண் வந்தாளா என்று தெரியவில்லை.

நான் ஓய்வு பெற்று ஜொகூர் பாருவுக்கு வந்தபிறகும் மாதம் ஒருமுறை அவரைப் பார்க்கப் போவேன். சென்ற மாதம் போனபோது, எத்தனையோ பேருக்கு அவர் கஞ்சி ஊட்டிய அதே அறையில் அவரே படுத்திருந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. வாய் மட்டும் அப்படியே இருந்தது.

"தீவாளிக்கு முன்னால போனேன்னா பெரிய தொல்லைங்கய்யா."

"ஏன் அப்படிச் சொல்கிறீர்கள்?"

"இந்தச் சனம் எனக்காகச் சட்டியக் கவுத்து வச்சிரும். பிள்ளைங்க வெறும் வாயோட திரியும். வேணாம்னு நீங்க சொல்லிருங்க."

"நானா?"

"பின்ன, துரையா வந்து சொல்லுவாரு?" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறிற்று. கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கண்ணைத் திறக்காமலே, "சொல்லிருவீங்கல்ல?" என்றார். முதல் முறை கேட்டது விளையாட்டு என்று வைத்துக்கொண்டாலும், இரண்டாம் முறை கேட்டது விளையாட்டில்லை. இதைப் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

செல்லம்மா, நீங்கள் அவருக்கு வீட்டாள் என்பதை மறுக்க நான் யார்? அவரிடம் கொண்ட நன்றியால்தான் சொன்னீர்கள். ஆனால் வீட்டாள் என்றால், வெளியிலிருந்து வரும் பலகாரத்தை வாங்கிக்கொள்ள வேண்டியதும் வழக்கம். வீட்டாள் இல்லையென்றால் தாராளமாகச் சட்டி வைக்கலாம். எப்படிப் பார்த்தாலும் பிள்ளைகள் சாப்பிட்டாக வேண்டும். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நான் இப்போது தோட்டத்துக்கு வெளியாள். ஆகவே கொண்டுவர வேண்டிய முறை என்னுடையது. இந்த வயதுவரை நான் அடுப்பில் வெந்நீருக்குமேல் எதுவும் வைத்ததில்லை. நேற்று மண்ணெண்ணெய் அடுப்பை மூட்டி, தென்னை வெல்லம் வாங்கிப் பாகு காய்ச்சினேன். முதல் ஈடு எண்ணெயில் கரைந்துபோயிற்று. அடுத்த ஈட்டில் எழுந்த புகையைப் பார்த்துக் கீழே தையற்கடை வைத்திருக்கும் சீனர் "அலமாக்" என்று பதறிக் கூவிக்கொண்டு வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார். சங்கதியை மலாயில் சொன்னேன். வாளியைக் கீழே வைத்துவிட்டு ஒன்றை எடுத்துக் கடித்தார். வெகுநேரம் மென்றார். இன்னொன்றை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். அதைப் பார்த்துத்தான் எனக்குத் தைரியம் வந்தது.

பிறகு சுட்ட அதிரசங்களை ஒரு டின்னில் போட்டுக் கொண்டுவருகிறேன். அவை கெட்டியாகத்தான் இருக்கின்றன. பல்லில்லாதவர்கள் காப்பியில் நனைத்துக்கொள்ளலாம். முதல் அதிரசத்தைச் செல்லம்மா எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் எடுத்தால் மற்றவர்கள் எடுப்பார்கள். இந்த டின் தோட்டம் முழுவதற்கும் காணாது. தின்றவர்கள் வீட்டுக்குப் போய்ச் சட்டியை நிமிர்த்தி வைத்தால்தான் எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்கும்.

தங்கவேலு இதைப் படித்து முடிக்கும்போது, நான் கடைசி வரிசையில் கோயில் தூணோரமாக டின்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என்னைப் பேசக் கூப்பிட வேண்டாம். மூடியைத் திறந்து நீட்டுவேன், அவ்வளவு என்னால் முடியும்.

காத்தமுத்து அவர்களே, நீங்கள் சொன்னதைச் சொல்லிவிட்டேன். குரல் மட்டும் தங்கவேலுவுடையது. நிம்மதியாகப் போய் வாருங்கள்.