மூன்று மணி நேரத்தில் மதுரை

இன்று காலை டெல்லி விமான நிலையத்தில் ஓடுபாதையே தெரியாத பனிமூட்டம்.

நான் போனில் தமிழ் பேசுவதைக் கேட்டு, பக்கத்து இருக்கைக்காரர் திரும்பினார். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலையாம்.

"மதுரைக்கு எம்புட்டு நேரம்மா ஆகும்? அப்பா தவறிட்டாரு. நான்தான் மூத்தவன். ஊர்ல கேக்குறாங்க."

தேடிப் பார்த்துச் சொன்னேன். "கிளம்பிட்டா மூணு மணி நேரம் சார்."

அதையே போனில் தம்பியிடம் சொன்னார். "மூணு மணி நேரம்தான்டா. பொழுது சாயுறதுக்குள்ள வந்துருவேன். அதுவரைக்கும் எடுத்துறாதீங்க."

விமானம் தாமதம் என்றார்கள். மறுபடியும் தாமதம் என்றார்கள். கவுண்டரில் போய்க் கேட்டால், "தோடா வெயிட் கீஜியே", கொஞ்சம் பொறுங்கள் என்ற பதில்தான்.

மதியம் மூன்று மணிக்கு அவரே தம்பியை அழைத்தார்.

"இருட்டுறதுக்குள்ள எடுத்துருங்கடா. கொள்ளிய நீயே வச்சிரு."

எதிர்முனையில் தம்பி அழுவது எனக்கே கேட்டது.

கால் மணி நேரத்தில் மதுரை விமானத்துக்கு அழைத்தார்கள். "இனிமே போயி யாரு மொகத்தப் பாக்க?" என்று சொல்லிக்கொண்டே போய் வரிசையில் நின்றார்.

என் சென்னை விமானம் இன்னும் வரவில்லை.

டெல்லிவாசிகளே, ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டால் நீங்களும் மணிக்கணக்கில்தான் சொல்கிறீர்களா?